படம் மட்டும் போட்டால் பி நெகட்டிவ் கேட்காது

எங்கள் ரத்தக் கொடையாளர் குழுவுக்குப் போஸ்டர் செய்கிறவன் நான். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துப் பழகிய கை. அதனால் 'அவசரம்' என்று சிவப்பில் பெரிதாகப் போட்டு, ஒரு சொட்டு ரத்தப் படம் வைத்து, தேவைப்படும் குரூப்பை நடுவில் நிறுத்த எனக்கு ஐந்து நிமிடம் போதும். அதைப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றிலும் போடுவேன். மேலே எழுதுவது எப்போதும் ஒரே வரிதான்: 'அவசரம், ஷேர் பண்ணுங்க நண்பர்களே'. அதற்குப் பக்கத்தில் நாலு கைகூப்பு எமோஜி.

மார்ச் மாதம் ஒரு நாள் மத்தியானம் ஒரு போன் வந்தது.

"தம்பி, முந்தாநாள் உங்க பக்கத்துல ஏதோ அவசரம்னு போட்டிருந்தீங்களே, அது என்ன?"

"பி நெகட்டிவ் சார். தஞ்சாவூர்ல ஒரு ஆபரேஷனுக்கு. நேத்தே கிடைச்சிருச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் பி நெகட்டிவ்தான் தம்பி" என்றார்.

பேசியவர் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஏற்கெனவே சில முறை ரத்தம் கொடுத்தவர், எங்கள் பக்கத்தையும் பின்தொடர்கிறவர். என் பதிவுக்கு வந்ததும் அவர் போன் சொன்னது இவ்வளவுதான்: 'அவசரம், ஷேர் பண்ணுங்க நண்பர்களே', ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், 'மே பி அன் இமேஜ் ஆஃப் டெக்ஸ்ட்'. எழுத்து இருக்கிற படமாக இருக்கலாம் என்று போனுக்குத் தெரிகிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்? மாமா பையனுக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவன் அதுவரை பார்க்கவே இல்லை.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, நல்லவேளை. ஆனால் பி நெகட்டிவ் தேடி நான் அன்றைக்கு ஆறு ஊருக்குப் போன் போட்டேன். கொடுக்கக்கூடியவர் எட்டுக் கிலோமீட்டரில் என் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றுத்திறனாளிகள் என்றால் நாம் உதவி செய்ய வேண்டியவர்கள் என்றுதான் மனசில் ஓடும். இங்கே உதவி செய்ய வந்தவரை நானே வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

அன்று ராத்திரி கடையை மூடியபின் என் போனில் டாக்பேக்கைப் போட்டுப் பார்த்தேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அது. ஆண்ட்ராய்டில் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக இறக்க வேண்டாம். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய் ஒருமுறை இயக்கி, குறுக்குவழியையும் வைத்துவிட்டால், பிறகு ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்தினால் வரும், அதேபோல் அழுத்தினால் போகும். நான் குறுக்குவழி வைக்கவில்லை. போன் என் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு தட்டு தட்டினால் தொட்ட இடத்தின் பெயரைச் சொல்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. திறக்க இரண்டு தட்டு. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். இது தெரியாமல் இருபது நிமிடம் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்து, எடுக்கத் தெரியாமல் அது அடித்து ஓய்ந்ததையும் பார்த்தேன்.

பிடிபட்டபின் எங்கள் பக்கத்தைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கமாக விரலைத் தள்ளித் தள்ளிக் கேட்டேன். ஒரு வருடப் பதிவுகள். படம், படம், எழுத்து இருக்கக்கூடிய படம், மூன்று பேர் இருக்கக்கூடிய படம். எங்கள் குழுவின் பெயரை ஆங்கிலத்தில் வளைவும் தடிமனுமாக ஒரு இணையதளத்தில் மாற்றி வைத்திருந்தேன். பார்க்க அழகு. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே அல்ல, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் கணிதத்துக்கென்று ஒதுக்கிய குறிகள். போன் ஒவ்வொன்றையும் 'மேத்தமெட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் கேபிடல் பி' என்று ஆரம்பித்து எழுத்தெழுத்தாக ஓதியது. முதல் வேலையாக அதைத் தூக்கினேன்.

அப்புறம் போஸ்டர் விஷயம். படத்தை நிறுத்தவில்லை, கூட்டத்தில் கண்ணை இழுக்க அது வேண்டும். ஆனால் படத்தில் இருக்கிற அத்தனையும் மேலே எழுத்தாகவும் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நான் முதலில் தட்டியது போஸ்டரில் இருந்ததை அப்படியே. குரூப்பை ஆங்கில எழுத்தில் 'பி', பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. எல்லோரும் அப்படித்தானே போடுகிறோம். சாருக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னேன்.

"பி-ன்னு மட்டும் சொல்லுது தம்பி. பாசிட்டிவா நெகட்டிவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டல் குறியைத் திரைவாசிப்பான் 'பிளஸ்' என்று வாசித்துவிடுகிறது. கழித்தல் குறியாக நாம் போடும் சின்னக் கோட்டை, சொல்லுக்கு நடுவே வரும் இணைப்புக் கோடு என்று நினைத்து வாய்க்குள் போட்டுக்கொள்கிறது. கணினியில் அவர் வைத்திருக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானிலும் அதே கதை. குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதை அதில் கூட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் யாரும் நாள் முழுக்க ஒவ்வொரு கோட்டையும் கேட்டுக்கொண்டு உட்கார மாட்டார்கள். இதன் விளைவு என்னவென்றால், கிடைப்பதற்கு அரிதான நெகட்டிவ் குரூப்புகளில்தான் தகவல் காணாமல் போகிறது. அன்றிலிருந்து குரூப்பை எழுத்தால் எழுதுகிறேன்: பி நெகட்டிவ், ஓ பாசிட்டிவ்.

போன் எண்ணிலும் ஒரு கூத்து. பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுதினால் என் போனில் தமிழ்க் குரல் அதை ஒரே எண்ணாக நினைத்து 'கோடியே லட்சத்து' என்று கூட்டிக்கொண்டு போகிறது. ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதிய பிறகு பரவாயில்லை. போஸ்டருக்குள் மட்டும் எண் இருந்த காலத்தில் கண் தெரிந்தவர்களே அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு டயல் செய்ய வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால் எண்ணைத் தொட்டே அழைக்கலாம்.

இப்போது எங்கள் பதிவு இப்படி இருக்கும்:

'பி நெகட்டிவ் ரத்தம் 2 யூனிட் தேவை. இடம்: தஞ்சாவூர். மருத்துவமனையின் பெயரும் வார்டும் கேட்டால் சொல்கிறோம். எப்போது: மார்ச் 14, வெள்ளி, காலை 10 மணிக்குள். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடை இருந்து, கடைசியாகக் கொடுத்து ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் ஆகியிருந்தால் வரலாம். அழைக்க அல்லது வாட்ஸ்அப்பில் எழுத:' என்று சொல்லி எண்.

தேதியை எண்ணும் சாய்கோடுமாக எழுதுவதை விட்டுவிட்டேன், மாதப் பெயரே எழுதுகிறேன். ரத்தம் கிடைத்துவிட்டால் பதிவைத் திருத்தி முதல் வரியிலேயே 'தேவை நிறைவேறியது' என்று சேர்க்கிறேன். இது எல்லோருக்கும் லாபம். படமாக மட்டும் சுற்றிய எங்கள் பழைய போஸ்டர் ஒன்று எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டக் குழுவிலிருந்து எனக்கே 'அவசரம்' என்று திரும்பி வந்திருக்கிறது.

அடுத்தது மாற்று உரை, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட். படத்தைப் பார்க்க முடியாதவருக்குப் போன் வாசித்துச் சொல்லும் வரி. பேஸ்புக் 2016-இல் தானாகப் படத்தை விவரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது, அந்த 'மே பி' அதன் வேலைதான். இன்ஸ்டாகிராமில் 2018-இல் வந்தது. இரண்டிலும் இயந்திரம் எழுதியதை அழித்துவிட்டு நாமே எழுதலாம். இன்ஸ்டாகிராமில் பதிவேற்றும் கடைசித் திரையில் கூடுதல் அமைப்புகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பேஸ்புக்கில் படத்தைத் திருத்தும் இடத்தில் இருக்கிறது. அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள், தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு பெட்டி என் கண்ணில் படவில்லை. அங்கே படத்தின் கீழ் எழுதும் வரியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

என்ன எழுதுவது என்பதில்தான் தடுமாறினேன். முதலில் 'ரத்த தான போஸ்டர்' என்று எழுதினேன். சார் சிரித்தார். "சாப்பாடு என்னன்னு கேட்டா தட்டுல இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு." அடுத்து அதிகமாகப் போய்விட்டேன். பின்னணி சிவப்பு, வலது மூலையில் சொட்டு, சொட்டுக்குள் இதயம், கீழே மூன்று நட்சத்திரம்... "நட்சத்திரத்தை வெச்சு நான் என்ன தம்பி செய்யப் போறேன்?"

இப்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை இது: இந்தப் படத்தை ஒருவருக்குப் போனில் சொல்வதானால் என்ன சொல்வேன்? போஸ்டரில் இருப்பதெல்லாம் மேலே எழுத்தாக வந்துவிட்டதால் மாற்று உரை 'மேலே உள்ள விவரங்கள் அடங்கிய போஸ்டர்' என்று முடிந்துவிடும். இரண்டு தடவை கேட்க வைப்பதும் தொல்லைதான். முகாம் படத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும். 'பள்ளி வகுப்பறையில் வரிசையாக ஆறு கட்டில். முதல் கட்டிலில் காக்கிச் சட்டை அணிந்த ஆட்டோ ஓட்டுநர் ரப்பர் பந்தை அழுத்தியபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் செவிலியர் ரத்தப் பையில் லேபிள் ஒட்டுகிறார்.' இது சாருக்குப் பிடித்திருந்தது. அந்த ரப்பர் பந்து அவர் கைக்குப் பழகிய பொருள்.

எங்கள் தொழில்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸிலிருந்து வரிகளை எடுத்துப் பதிவில் ஒட்டாதீர்கள். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துதான். 'தமிழ்' என்ற சொல்லே பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. போனும் அதைத்தான் வாசிக்கும். யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்து, ஒற்றுப்பிழை பார்த்துவிட்டு ஒட்டுங்கள். மாற்றியை நம்பி நான் ஒருமுறை 'கொடையாளர்' என்பதைக் 'கொ' உடைந்த நிலையிலேயே ஏற்றிவிட்டேன்.

வண்ணத்துக்கு வருவோம். இதில் எனக்கும் குழுத் தலைவருக்கும் சண்டையே வந்தது. ரத்தம் என்றால் சிவப்பு, சிவப்பில் மஞ்சள் எழுத்து போட்டால்தான் 'எடுப்பா இருக்கும்' என்பது அவர் கட்சி. இணைய உள்ளடக்கத்துக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இருக்க வேண்டிய வேறுபாட்டுக்குக் கணக்கு இருக்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. இணையத்தில் இலவசமாகக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவிகள் உண்டு. சுத்தச் சிவப்பில் சுத்த மஞ்சள் போட்டுப் பார்த்தேன், 3.7. சிவப்பில் வெள்ளை, 4.0. 'அவசரம்' என்ற பெரிய எழுத்து பிழைத்துக்கொள்கிறது. கீழே குட்டியாக இருக்கும் போன் எண் அடிபடுகிறது. வேண்டியது அந்த எண்தானே! மெரூனில் வெள்ளை வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 11. காய்ந்த ரத்தத்தின் நிறம் என்று தலைவர் முகம் சுளித்தார். கண்புரை முற்றிய அவருடைய அம்மாவிடம் இரண்டு போஸ்டரையும் காட்டினோம். மெரூனில் இருந்த எண்ணை மட்டும் படித்தார். சண்டை முடிந்தது.

ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் தினத்துக்கு ஒரு நிமிட வீடியோ எடுத்தோம். டாக்டர் ஒருவர் பேசுகிறார், கொடையாளர்கள் மூன்று பேர் பேசுகிறார்கள். போட்ட அரை மணியில் கீழே ஒரு கருத்து: 'என்ன பேசுகிறார்கள்?' எழுதியவர் எங்கள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன், காது கேட்காதவர். தினமும் பார்த்துக் கையசைக்கிற ஆள். அவருக்காகவும் யோசித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. மூன்று மாதமாகப் பார்வையற்றவர்களையே நினைத்துக்கொண்டிருந்ததில் இன்னொரு கதவு கண்ணில் படவே இல்லை.

அவர் கடைக்குப் போய் ஒரு தாளில் எழுதி எழுதிப் பேசினோம். அவர் எழுதிய முதல் வரி வீடியோவைப் பற்றியது இல்லை. 'போன் செய்யவும் என்று போடுகிறீர்கள். நான் எப்படிப் போன் செய்வது?' அவர் ஓ பாசிட்டிவ். அதனால்தான் மேலே சொன்ன பதிவில் 'அல்லது வாட்ஸ்அப்பில் எழுத' என்று வந்தது. ஐந்து சொல்லுக்குள் முடிகிற திருத்தம். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீடியோவுக்குக் கேப்ஷன், அதாவது பேச்சை எழுத்தாகக் காட்டும் வரிகள், போட்ட கதை கொஞ்சம் நீளம். எஸ்ஆர்டி என்ற சாதாரண எழுத்துக் கோப்புதான் அது. முதல் வரியில் வரிசை எண், அடுத்த வரியில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்ற நேரம், அதற்கடுத்துப் பேச்சு, பிறகு ஒரு காலி வரி. நோட்பேடிலேயே அடிக்கலாம். ஒரு நிமிட வீடியோவுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினேன். கடைக் கணினியில் இருப்பது பழைய விண்டோஸ். சேமிக்கும்போது தமிழ் எழுத்தைத் தாங்காத ஆன்சி என்ற முறையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் வரிக்கு வரி கேள்விக்குறி, ஒரு தமிழ் எழுத்து இல்லை. மொத்தத்தையும் மறுபடி அடித்தேன். சேமிக்கும் பெட்டியின் அடியில் இருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் தமிழில் கை வைக்க வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை பேஸ்புக். கோப்பை ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றது. கோப்பின் பெயரிலேயே மொழியைச் சொல்ல வேண்டுமாம்: பெயர், புள்ளி, டிஏ, அடிக்கோடு, ஐஎன், புள்ளி, எஸ்ஆர்டி. டிஏ தமிழுக்கு, ஐஎன் பெரிய எழுத்தில் இந்தியாவுக்கு. பெயரை மாற்றியதும் ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டது.

தையல்கார அண்ணன் பார்த்துவிட்டு இரண்டு திருத்தம் எழுதிக் கொடுத்தார். வரிகள் நீளம், படிப்பதற்குள் ஓடிவிடுகின்றன. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. டாக்டரின் அடுக்குமொழி அங்கே எடுபடாது. அடுத்தது, யார் பேசுகிறார் என்று தெரியவில்லை. அதனால் 'டாக்டர்:', 'கொடையாளர்:' என்று முன்னால் சேர்த்தேன். தொடக்கத்தில் பத்து விநாடி நாதஸ்வரம் வரும் இடத்தில் '(நாதஸ்வர இசை)' என்று போட்டேன். பதிலுக்கு சார் ஒரு குறை சொன்னார். கடைசித் திரையில் முகாம் நடக்கும் இடமும் நேரமும் எழுத்தாக மட்டும் வருகிறது, இசை ஓடுகிறது, அவருக்கு வெறும் நாதஸ்வரம்தான். அந்த இடத்தில் என் குரலிலேயே வாசித்துச் சேர்த்தேன். என் குரல் அவ்வளவு சுகமில்லை, அது வேறு விஷயம்.

சில்லறைத் திருத்தங்கள்: எமோஜி கடைசியில் ஒன்று, அதற்கு மேல் இல்லை. ஹேஷ்டேக்கில் ஆங்கிலமென்றால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போட்டால் பிரித்து வாசிக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, அடிக்கோடு போட்டுப் பிரிக்கிறேன், #ரத்த_தானம் என்பதுபோல. பளிச்சென்று விட்டுவிட்டு மின்னும் ஆம்புலன்ஸ் விளக்கு ஜிஃப் ஒன்று வைத்திருந்தோம், அதை எடுத்துவிட்டேன். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பே வரலாம். ரத்தம் கேட்கப் போய் அது எதற்கு?

குழுவில் ஒரு பையன் கேட்டான், இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா அண்ணா என்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருவதெல்லாம் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பத்துப் பேர் குழுவைப் பிடிக்க யாரும் வரப்போவதில்லை என்றேன். "அப்ப எதுக்குண்ணா இவ்வளவு நேரம்?" என்றான். நேரம் என்று பார்த்தால், ஐந்து நிமிடத்தில் போட்ட பதிவுக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகிறது. நான் சாரின் பி நெகட்டிவைச் சொன்னேன். சரி என்று போய்விட்டான். இப்போது இன்ஸ்டாகிராம் அவன் பொறுப்பு.

சரியாகாதது நிறைய இருக்கிறது. மற்றக் குழுக்கள் எங்கள் பதிவை ஷேர் செய்யாமல் படத்தை மட்டும் இறக்கி அவர்கள் பெயரில் ஏற்றுகிறார்கள், எழுத்தெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருபது பேர் வைப்பதும் வெறும் படம்தான். பழைய பதிவுகளில் நாற்பதுக்கு மட்டும் மாற்று உரை எழுதினேன், மீதியை விட்டுவிட்டேன்.

ஜூன் முகாமுக்கு சார் வந்திருந்தார். கேள்வித்தாளை நான் வாசிக்க வாசிக்கப் பதில் சொன்னார். ஹீமோகுளோபின் 13.8. படுத்துக்கொண்டு பந்தை வாங்கியதும், "போட்டோ எடுத்தா என் சட்டை என்ன கலர்னு எழுதிடுங்க, வீட்டுல இன்னிக்கு எதை எடுத்துக் கொடுத்தாங்கன்னு எனக்கே தெரியல" என்றார். இளநீலக் கட்டம். எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் போன்.

"தம்பி, சர்டிஃபிகேட் அனுப்பியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். என்ன எழுதியிருக்கு அதுல?"

தங்க நிறக் கரை, வளைந்த எழுத்து, நானே வடிவமைத்தது. படமாக அனுப்பியிருக்கிறேன், கீழே ஒரு வரிகூட இல்லாமல். லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, அதிலிருந்ததை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பிறகு கடையில் இரண்டு ஆதார் ஜெராக்ஸ்காரர்களைக் காக்க வைத்துவிட்டு, அன்று கொடுத்த நாற்பத்தேழு பேருக்கும் எழுத்தாகத் தட்ட உட்கார்ந்தேன்.